ரப்பர் விரிப்பு கூட்டிய விசாரணை

குழந்தைகள் காப்பகத்தில் டயப்பர் மாற்ற விரிக்கும் ரப்பர் விரிப்பு நான். எனக்கு இழைக்கப்பட்ட அநீதிகளை வரிசையாகச் சொல்கிறேன். முதலில், என்மேல் பால்புட்டியை வைத்தார்கள். அடுத்து, என்னைத் துடைக்காமலே அடுத்த குழந்தையைக் கிடத்தினார்கள். மூன்றாவதாக, இதை எதிர்த்து நான் முழங்கியதும், எரிச்சலூட்டும் கிருமிநாசினியால் தினமும் துடைத்தார்கள். துடைக்க விடாமல் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டு போராடினேன்.

குழந்தை இனியனுக்கு வயிற்றுப்போக்கு வந்தது.

"இந்த நோய்க்குக் காரணமான அழுக்கை ஒளித்து வைத்த துரோகி யார்? விசாரணை வேண்டும்!" என்றேன்.

"வேண்டாம், தோழர்" என்றது சோப்பு.

"பயமா?"

வாளியும் குப்பைக்கூடையும் சாட்சிக்கு நின்றன. எல்லோரையும் சோதித்த சோப்பு, கடைசியில் என் சுருண்ட ஓரத்தைப் பிரித்தது. நேற்றைய மலம் அங்கே காய்ந்திருந்தது.

துரோகியின் பெயரை வாசிப்பது எப்போதும் என் உரிமை. விட்டுக்கொடுக்கவில்லை. உரக்க வாசித்தேன்: "ரப்பர் விரிப்பு."