ஜெபம் முடிந்த பிறகு

டப்பிங் அறையின் இருட்டில் திரை மட்டும் வெளிச்சமாக இருக்கிறது. சிரிப்புப் படம். பாதிரியார் அங்கி மாட்டிய திருடன் ஒருவன், சவப்பெட்டிக்குள் உயிரோடு ஒளிந்திருக்கும் கூட்டாளிக்காகப் பொய் ஜெபம் சொல்லிக்கொண்டிருக்கிறான். திருடனாக நடித்த அண்ணன், இந்தக் காட்சியை எடுத்த அன்று மாலையே இறந்துவிட்டான். குரல் அச்சு அசலாக இருக்கிறதென்று தம்பியை மைக் முன்னால் நிறுத்தியிருக்கிறார்கள். “நிம்மதியாத் தூங்குப்பா. எந்திரிச்சு கிந்திரிச்சு வந்துடாத” என்று தம்பி சொல்ல, திரையில் அண்ணனின் உதடுகள் அதைப் பேசுகின்றன. கண்ணாடிக்கு அப்பால் இயக்குநர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். வசனம் தீர்ந்த பிறகும் அண்ணனின் வாய் அசைகிறது. கை அங்கியின் கழுத்துப்பட்டையை இழுக்கிறது. ஹெட்ஃபோனில் இயக்குநரின் குரல் வருகிறது: “அங்க பேப்பர்ல ஒண்ணும் இல்ல. அவரா ஏதோ எடுத்து விட்டாரு, செட்டே சிரிச்ச சிரிப்புல யாருக்கும் கேக்கல. வாயைப் பாத்து நீங்களே ஏதாவது போடுங்க.” அதே துண்டு திரும்பத் திரும்ப ஓடுகிறது. உதடுகள் ஒட்டி ஒட்டிப் பிரிகின்றன. தம்பி சத்தமில்லாமல் தன் உதடுகளையும் கூடவே அசைத்துப் பார்க்கிறான். சொல் தானாக வந்து வாயில் உட்காருகிறது. மைக்கைப் பிடித்துக்கொண்டு சொல்கிறான்: “மூச்சு முட்டுதுடா தம்பி.” கச்சிதமாகப் பொருந்துகிறது. கண்ணாடிக்கு அப்பால் இயக்குநர் மறுபடியும் வயிற்றைப் பிடித்துக்கொள்கிறார். சிரிப்புச் சத்தம் இங்கே கேட்கவில்லை.