மஸ்கட் மேனேஜர்

"அத்தா, பட்டன் வச்சிட்டேன். இனிமே யாரு எந்த பாஷையில வேணாலும் உங்க பிளாக்கைப் படிக்கலாம்" என்றாள் என் மகள் ஹஸ்னா.

கேட்டது நான்தான். ஆனாலும் பழைய பதிவுகளை ஒருமுறை புரட்டிப் பார்த்தேன்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊரை நினைத்து எழுதுவார்கள். நான் மரக்காணத்தில் உட்கார்ந்துகொண்டு மஸ்கட்டை நினைத்து எழுதுகிறேன். இருபத்திரண்டு வருஷம் இருந்த இடம். ஜன்னலுக்கு வெளியே உப்பளத்து வெயில் கண்ணைக் கூசவைக்கும்போதெல்லாம் அந்தத் தெருக்கள் ஞாபகம் வரும்.

அறுபத்து மூன்று பதிவுகள். நாற்பது வாசகர்கள். அதில் பாதிப் பேர் கோட்டக்குப்பத்துச் சொந்தக்காரர்கள்.

பெரும்பாலும் மர்யமைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன். முதலாளியின் ஒரே மகள். பள்ளிக்கூடத்தில் சேர்த்த முதல் நாள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஜன்னல் வழியே பார்த்தால் நான் தெரியவேண்டும் என்று, வாசலில் இருந்த வேப்பமரத்தடியில் மத்தியானம்வரை உட்கார்ந்திருந்தேன்.

அப்போது ஹஸ்னா பிறந்து எட்டு மாதம். அவள் முகத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

போன வருஷம் மர்யமுக்கு லிங்க் அனுப்பினேன். தமிழ் எழுத்தைப் பார்த்துவிட்டு ஒரு கேள்விக்குறி போட்டாள். அதற்காகத்தான் இந்தப் பட்டன்.

சிக்கல் என்னவென்றால், பதிவுகளில் நான் பேரீச்சம்பழக் கம்பெனியின் மேனேஜர்.

உண்மையில் முதலாளி வீட்டு டிரைவர்.

டிரைவருக்குப் பெண் தரமாட்டேன் என்று மாமனார் ஒற்றைக்காலில் நின்றார். தரகர் ஒரு பொய் சொன்னார், நான் மறுக்கவில்லை. காரில் சாய்ந்தபடி ஒரு போட்டோவும் எடுத்து அனுப்பினேன். வளைகுடா போனவன் ஆல்பத்தில் அப்படி ஒரு போட்டோ கட்டாயம் இருக்கும். கார் யாருடையது என்று யாரும் கேட்பதில்லை. என் மனைவி சைபுன்னிசாவுக்கு இன்றுவரை நான் மேனேஜர்.

மேனேஜருக்குப் பள்ளிக்கூட வாசலில் என்ன வேலை என்று நாற்பது வாசகர்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

மர்யம் படிக்கவேண்டும் என்ற ஆசையில், அவள் பதில் எழுதுவாள், அதையும் அந்தப் பட்டன் தமிழாக்கிவிடும் என்பதை நான் யோசிக்கவே இல்லை.

லிங்க்கை மறுபடி அனுப்பிவிட்டுச் சாப்பிட்டு எழுந்தேன். அதற்குள் அரபியில் கமெண்ட் வந்திருந்தது. ஹஸ்னா பட்டனைத் தட்டி, மாம்பழம் நறுக்கிக்கொண்டிருந்த அம்மாவுக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகப் படித்தாள். எழுந்து ஓடலாமா என்றிருந்தது.

'அன்புள்ள கபீர், வேப்பமரம் பற்றிய பதிவைப் படித்தேன். என் தந்தையின் நிறுவனத்தில் பல மேலாளர்கள் வந்து சென்றனர். எனக்காக வெயிலில் காத்திருந்த மேலாளர் நீங்கள் ஒருவர் மட்டுமே.'

போன உயிர் திரும்பி வந்தது. கண்ணும் நிறைந்துவிட்டது.

அடுத்த நிமிடம் மர்யம் என் போனுக்குத் தனியாக ஒரு படம் அனுப்பினாள். நான் கடைசியாக ஓட்டிய கார். இப்போது ஸ்டியரிங்கில் அவள் கை. முன் கண்ணாடியில் என் பச்சைத் தஸ்பீஹ் மணிமாலை இன்னும் தொங்குகிறது.

போனை மறைப்பதற்குள் சைபுன்னிசா எட்டிப் பார்த்துவிட்டாள். மாம்பழத் தட்டை என் பக்கம் நகர்த்தினாள்.

அந்தத் தஸ்பீஹ் அவள் கொடுத்தது. கல்யாணம் முடிந்து நான் மஸ்கட்டுக்குத் திரும்பிய அன்று, ஏர்போர்ட் வாசலில் என் கையில் வைத்து ஒரு வார்த்தை சொன்னாள். அந்தப் போட்டோவில் இருந்தது என் சொந்தக் கார் என்று நம்பித்தான் சொல்கிறாள் என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

"வண்டியில மாட்டிக்குங்க. மெதுவா ஓட்டுங்க."