பாதியில் நின்ற கூடு

ஏரியின் இக்கரைக் காக்கைகளுக்கும் அக்கரைக் கொக்குகளுக்கும் பகை மூண்டது. நாணல் விளைவது அக்கரையில்தான். இனி ஒரு நார்கூட இந்தப் பக்கம் வரக் கூடாது என்று காக்கைகள் தடை போட்டுவிட்டன.

ஈச்ச மரத்துத் தூக்கணாங்குருவி அப்போது பாதிக் கூடுதான் கட்டியிருந்தது. அதன் பெண்டாட்டிக்கு முட்டையிடும் சமயம்.

நார் சேர்த்து வைத்திருந்த அணிலிடம் ஓடியது.

"நேத்து ஒரு நாருக்கு ஒரு நெல்மணிதானே கேட்டீங்க, அண்ணே?"

"நேத்து தடை இல்லையே, தம்பி. இன்னைக்கு மூணு."

அந்த வருஷம் விளைச்சலும் இல்லை. அலைந்து பொறுக்கிய நெல்லில் பாதி, பறந்த களைப்புக்கே தின்னச் சரியாகப் போனது. மிச்சத்தோடு திரும்பினால் விலை இன்னும் ஏறியிருந்தது.

கடைசியில் அணிலே மரத்தடிக்கு வந்தது. "முடியாத கூட்டை வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறே? பிரிச்சுக் குடு. நாருக்கு ஏழு நெல்மணி தர்றேன்."

குருவி கணக்குப் போட்டுப் பார்த்தது. கட்டுவதை விடப் பிரிப்பதில் லாபம்! "வீட்டுல கேட்டுச் சொல்றேன்" என்றது. ஆனால் கேட்கவில்லை. மேலே பறந்து போய், ஓரத்து நாரை அலகால் பற்றி இழுத்தது.

"ஆட்டாதீங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

எட்டிப் பார்த்தது. அவள் இறகுக்கடியில் வெள்ளையாக ஒரு முட்டை.

"எட்டு தர்றேன்!" என்று கீழேயிருந்து அணில் கத்தியது.

குருவி இழுத்த நாரைத் திரும்பச் செருகிவிட்டு, கூட்டின் மூடாத பக்கத்தைத் தன் உடம்பால் அடைத்துக்கொண்டு உட்கார்ந்தது. காற்று வீசத் தொடங்கியிருந்தது.