அறுபதில் வரும் நடுக்கம்

பின் சக்கரத்துக்குக் கல் அண்டக் கொடுத்துவிட்டு, சாக்கை விரித்து ஜீப்புக்கு அடியில் மல்லாந்து படுத்தபோது பூங்கோதைக்குத் தன்னை நினைத்தே சிரிப்பு வந்தது.

மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசர். கல்யாணம், விவாகரத்து இரண்டையும் முப்பது வயதுக்குள் முடித்துக்கொண்டவள். சனிக்கிழமை மத்தியானம், டெல்லி லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸ் வாசலில், சொந்த வண்டியைத் தானே கெடுக்கப் போகிறாள்.

கெடுக்காமல் என்ன செய்வது? நாளைக்கு கௌதமன் வந்து சரி பண்ணிவிட்டால் கதை முடிந்தது. அப்புறம் அவர் இந்தப் பக்கம் வருவதற்குக் காரணமே கிடையாது.

கௌதமன் ஜனக்புரிக்காரர், பாங்க் ஆபீசர். மனைவி இறந்து ஐந்து வருஷம் ஆகிறது. மலைக்கு ஜீப் ஓட்டிப் போகிறவர்களின் குழுவில் பழக்கம். இமயமலையில் ஸ்பிதி வரை போகும் ஆசையில் பூங்கோதை வண்டியை நாலு அங்குலம் உயர்த்தினாள். அன்றிலிருந்து வேகம் அறுபதைத் தொட்டால் போதும், தரையிலிருந்து ஸ்டியரிங் வரை கிடுகிடுவென்று நடுங்கும். குழுவில் புலம்பினாள். "நான் வந்து பாக்கறேன் மேடம்" என்றார் அவர்.

பார்த்தார். பார்த்துக்கொண்டே இருக்கிறார், மழைக்காலத்திலிருந்து, ஞாயிறு தவறாமல்.

முதல் வாரமே பின் சக்கரத்தைச் சுழற்றும் ஷாஃப்டைக் கழற்றி வைத்துவிட்டு, முன் சக்கர இழுவையில் மட்டும் ரிங் ரோட்டில் ஓட்டிக் காட்டினார். நடுக்கம் போயே போச்சு. "வண்டிய ஒசத்தினதுல ஷாஃப்ட் ரொம்ப சாஞ்சுடுச்சு, ரெண்டு முனையிலயும் ஜாயிண்ட் திணறுது" என்றார். ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் நடுவே ஆப்பு மாதிரி ஒரு தகடு வைத்துச் சாய்வைச் சரிசெய்தார். ஷாஃப்டைத் திரும்ப மாட்டினார்.

நடுக்கமும் திரும்ப வந்துவிட்டது.

அடுத்த வாரம் சக்கரங்களை பாலன்ஸ் பண்ணினார். அதற்கடுத்து கியர்பாக்ஸ் ரப்பர். அப்புறம் இன்ஜின் ரப்பர். அவர் அடியில் படுத்திருப்பார், இவள் ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பாள். பிறகு சேர்ந்து ஒரு ரவுண்டு. பிறகு சாப்பாடு. பால்கனியில் காபி, பேச்சு, இன்னும் கொஞ்சம் பேச்சு.

திங்கள் முதல் வெள்ளி வரை ஆபீசில் உட்கார்ந்திருந்தாலும் மனசு ஞாயிற்றுக்கிழமையிலேயே கிடந்தது. ஐயோ, இந்த வயசில் இது தேவையா என்று கண்ணாடியைப் பார்த்துத் திட்டிக்கொண்டாள். தேவைதான். அவர் வேண்டும், அவ்வளவுதான்.

அதைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை. வேண்டாததைச் சொல்ல நன்றாக வந்தது.

போன வாரம் அவர் கிளம்பும்போது, மரியாதை என்று நினைத்துக்கொண்டு, "எத்தனை வாரம்தான் உங்க ஞாயித்துக்கிழமைய நான் கெடுக்கறது?" என்று கேட்டுவைத்தாள்.

கௌதமனின் முகம் சுண்டிப்போனது. "அச்சா... அடுத்த வாரம் முடிச்சுடறேன் மேடம்."

அதனால்தான் இப்போது கையில் ஸ்பேனர்.

அந்த ஷாஃப்ட் ஒரே துண்டு அல்ல. பல் பல்லாக ஒன்றுக்குள் ஒன்று செருகியிருக்கும் இரண்டு துண்டு. ஒரே ஒரு பல் தள்ளி மாட்டினால் போதும், புத்தம்புது வண்டிகூட ஆட்டம் போடும். அது கௌதமனுக்குத் தெரியாதா என்ன? கழற்றும் முன்பே இரண்டு துண்டின் மேலும் சேர்த்து மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு இழுத்துவைத்தவர் அவர். மாட்டும்போது கோடும் கோடும் நேராகச் சேர வேண்டும்.

சேராமல் பண்ணிவிடலாம் என்றுதான் பூங்கோதை அடியில் போனாள். துணியால் துடைத்தாள். வாரக்கணக்கில் யார் கையும் படாத டெல்லித் தூசி, கிரீஸோடு அடையாக வந்தது.

மஞ்சள் கோடு தெரிந்தது. பாதிக் கோடு.

மறுபாதி அதற்கு நேராக இல்லை. தள்ளி இருந்தது.

டார்ச்சைக் கிட்டே பிடித்தாள். ஒரு பல். ஒரே ஒரு பல். முதல் வாரம் அவர் மாட்டிய பிறகு அதை யாருமே கழற்றவில்லை.

அடப்பாவி மனுஷா!

சக்கரம் பார்த்தது, ரப்பர் மாற்றியது, ரிங் ரோட்டில் தலையைச் சாய்த்துக் காதுகொடுத்து "இன்னும் இருக்கு மேடம்" என்று கவலைப்பட்டது, எல்லாம் இங்கே வந்துகொண்டே இருக்கத்தானா! போன வாரம் அந்த முகம் ஏன் அப்படிச் சுண்டியது என்று இப்போது புரிந்தது. சிரிப்பாகத்தான் ஆரம்பித்தது. மல்லாந்து கிடந்ததால் கண்ணீர் இரண்டு காதுக்குள்ளும் இறங்கியது.

நாலு நட்டையும் கழற்றினாள். கோட்டோடு கோட்டைச் சேர்த்து மாட்டினாள்.

ரிங் ரோட்டுக்கு எடுத்துப் போனாள். அறுபது. எழுபது. வண்டி வழுக்கிக்கொண்டு போயிற்று.

ஓரமாக நிறுத்திவிட்டு போன் பண்ணினாள். அவர் எடுத்ததுமே, யோசித்தால் பயம் வந்துவிடும் என்று, மூச்சுவிடாமல் சொன்னாள். "கௌதமன், நாளைக்கு டூல்ஸ் எடுத்துட்டு வராதீங்க. மஞ்சக் கோட்டப் பாத்துட்டேன். நானே சேத்து மாட்டிட்டேன், இப்ப வண்டி ஆடல. நீங்க சும்மா வாங்க."

ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு கடந்து போனது. பூங்கோதை போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"இன்னிக்கே வரட்டுமா?" என்றார் கௌதமன்.