பெட்டைகளுக்குச் சோளத்தட்டை

“இன்னும் மூணே நாள். அண்ணன் பட்டி சுத்தமா காலி!” பல்லைக் கடித்துக்கொண்டே வேலி இடுக்கில் தழை அடைத்த கோணிப்பையைச் செருகினாள் தங்கை.

நாக்கை மூன்று முறை சொடுக்கினாள். வேலிக்கு அந்தப் பக்கம் அடைபட்டிருந்த பன்னிரண்டு பெட்டைக் குட்டிகளும் பாய்ந்து வந்து பைக்குள் மூஞ்சியை நுழைத்தன.

புருஷன் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தார். “அடியே, வாயில்லா ஜீவனுக்கு என்னத்தடி கலந்து வெக்கிறே?”

“கலக்கப்போறது எங்கண்ணன் வயித்தை. நீங்க சும்மா இருங்க!”

அவள் வயிற்றெரிச்சலில் ஏழு வீட்டு அடுப்பு எரியும். போன அறுவடையில் அவளுடைய தாய் ஆடுகள் அத்தனையையும் தட்டிக்கொண்டு போனவர் அந்த அண்ணன். அவற்றை விற்றும் தீர்த்துவிட்டார். பட்டியில் வளர்வதெல்லாம் அவை போட்ட குட்டிகள். “ஆடு பொய் சொல்லாது தங்கச்சி” என்று அன்று அவர் சிரித்த சிரிப்பு இன்னும் அவள் காதில் இரைந்தது.

மறுநாள் அண்ணன் வேலியோரம் நின்று பீற்றிக்கொண்டார். “கிடாய்ங்களுக்குக் கடலைக்கொடி. பெட்டைங்களுக்கு வெறும் சோளத்தட்டை. அதைத் தின்னே எப்படி மினுமினுக்குது பாரு! என் கைராசி. கிடாய்ங்களுக்கு வயசு வந்துடுச்சு, நடுத்தடுப்பை முட்டியே ஒடைச்சிடும் போல.”

“உங்க ராசி யாருக்கு வரும்ணே!” என்றாள் தங்கை, தேன் ஒழுக.

மூன்றாம் நாள், அறுத்த வயல். அங்கே ஒரு வழக்கம். எல்லார் ஆடும் கலந்து மேயும். மேய்ந்து முடிந்ததும் அவரவர் ஒரு வரப்பில் நின்று கூப்பிட வேண்டும். யார் குரலுக்கு வருகிறதோ, ஆடு அவருடையது. அடையாளம், சாட்சி எதுவும் செல்லாது. போன தடவை திருட்டுத்தனமாகத் தீனி போட்டுப் பழக்கித்தான் அண்ணன் வாரிக்கொண்டு போயிருந்தார்.

தங்கை, பல் போன ஒரே ஒரு கிழ ஆட்டோடு வந்து நின்றாள். அண்ணன் சிரித்தார்.

வயல்காரர் கையை உயர்த்தினார். அண்ணன் போட்ட சத்தத்தில் பறக்கிற காக்கை கீழே விழுந்திருக்கும். தங்கை நாக்கை மூன்று முறை சொடுக்கினாள், அவ்வளவுதான்.

பன்னிரண்டு பெட்டைகளும் புழுதி பறக்க அவளிடம் ஓடின. பதினைந்து கிடாய்களும் ஒரு கணம் அண்ணனைப் பார்த்தன, ஓடுகிற பெட்டைகளைப் பார்த்தன, எடுத்தன ஓட்டம்!

“ஆடு பொய் சொல்லாதுப்பா” என்று தீர்ப்பு சொல்லிவிட்டார் வயல்காரர்.

அண்ணன் வரப்பில் தடுக்கி விழுந்து எழுந்து ஓடி வந்தார். “அடிப்பாவி! பெட்டைங்களை நீ மயக்கினே, சரி. கிடாய்ங்களுக்கு என்னடி வெச்சே?”

“ஒரு இலைகூட வெக்கலைண்ணே. அதுங்க என்ன, என் பின்னாடியா வருது?”