ஸ்ட்ரெச்சரில் படுத்த அதிகாரி

ஓட்டுநர் தேர்வு வைக்கும் அதிகாரி ஆம்புலன்சின் பின்பக்கம் ஏறி, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, ஸ்ட்ரெச்சரில் மல்லாந்து படுத்தார்.

“பெல்ட்டைப் போடுங்க. இனிமே நான் பேஷண்ட். ஊரை ஒரு சுத்து சுத்தி இங்கயே கொண்டாந்து சேருங்க.”

அவர் பக்கத்தில் முதலுதவிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்தாள். உதவியாளர் உரிமத்துக்கு வந்தவள். அவளுக்கும் இதே வண்டியில்தான் தேர்வு.

மற்ற அதிகாரிகள் ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்கள். இவர் படுத்துக்கொள்வார். கண்ணையும் மூடிக்கொள்வார். வண்டி குலுங்கினால் தலைமாட்டுத் தடுப்பில் ‘டொக்’ என்று ஒரு தட்டு. தட்டுக்கு ஒரு மதிப்பெண் போச்சு என்பது வெளியே வரிசையில் நிற்பவர்களின் கணக்கு. மனுஷன் லேசுப்பட்டவர் இல்லை.

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவள் தண்ணீர் லாரி ஓட்டுகிறவள். கனரக வாகன உரிமம் கையில் இருக்கிறது. முதலுதவிச் சான்றிதழ் வாங்கியாயிற்று. கண் பரிசோதனையும் முடிந்தது. இந்த ஒரு தேர்வில்தான் இரண்டு முறை மண்ணைக் கவ்வியிருந்தாள். இதுவும் போனால் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

போதாக்குறைக்கு, என் பெண்டாட்டி இனி ஆம்புலன்ஸ் ஓட்டுநராக்கும் என்று வீட்டுக்காரன் தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்து வைத்திருந்தான். தோற்றுவிட்டு எந்த முகத்தோடு அந்தத் தெருவில் கால் வைப்பது?

போன தடவை சைரனை அலறவிட்டுக்கொண்டு பறந்தாள். பின்னாலிருந்து டொக், டொக், டொக். இறங்கும்போது அதிகாரி சொன்னது இன்னும் காதிலேயே கிடந்தது.

“சீக்கிரம் கொண்டுவந்துட்டீங்கம்மா. முழுசாக் கொண்டுவரல.”

சொகுசாகப் படுத்துக்கொண்டு வருகிற ஆளுக்கு இவ்வளவு கெடுபிடியா என்று அன்றைக்குப் பல்லைக் கடித்தாள்.

கோபம் ஆறிய பிறகுதான் உறைத்தது. பாதி நிரம்பிய தண்ணீர் லாரியை யாராவது சட்டென்று பிரேக் போட்டு நிறுத்துவார்களா? தண்ணீர் முன்னால் பாய்ந்து வண்டியையே தள்ளிவிடும். தண்ணீருக்குக் காட்டுகிற மரியாதையை மனுஷனுக்குக் காட்டாமல் போனோமே என்று வெட்கமாக இருந்தது.

அதனால் இன்று தண்ணீர் லாரியை ஓட்டுவதுபோலவே ஓட்டினாள். வேகத்தடை கண்ணில் பட்டதுமே காலைத் தளர்த்தினாள். முன்சக்கரம் ஏறி இறங்கி, பின்சக்கரமும் இறங்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டாள். சந்தைத் தெருவில் மட்டும் சைரன். வழி கிடைத்ததும் அணைத்துவிட்டாள்.

பின்னால் சத்தமே இல்லை.

குழாய் பதிக்கத் தோண்டிப் போட்ட சாலை வந்தது. இங்கே நிச்சயம் தட்டு விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டாள். விழவில்லை.

அதுதான் சந்தேகத்தைக் கிளப்பியது. இவளுக்கெல்லாம் தட்டுவதே வீண் என்று கைகழுவிவிட்டாரோ?

தேர்வு மைதானத்தில் வண்டியை நிறுத்திவிட்டு ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்தாள்.

அதிகாரியின் முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க் இருந்தது. உதவியாளர் பெண் திருதிருவென்று விழித்தாள்.

“மயக்கம் போட்ட மாதிரி நடிக்கிறார்னு நெனச்சு மாட்டிட்டேன்க்கா. நாடியெல்லாம் நல்லாத்தான் இருக்கு. இப்பப் பார்த்தா குறட்டை விடுறாரு.”

மாஸ்க்குக்குள் குறட்டை உருண்டுகொண்டிருந்தது. லாரிக்காரிக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. தேர்வு வைக்கிறவரே தூங்கிவிட்டால் மதிப்பெண் போடுவது யார்? எழுப்பிவிடலாம் என்று அவர் தோள் பக்கம் கையை நீட்டினாள்.

அதற்குள் அந்த வண்டிகளைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக் வந்து உள்ளே எட்டிப் பார்த்தார். அதிகாரிக்குப் பல வருஷக் கூட்டாளி அவர்.

“எழுப்பாதம்மா,” என்றார் மெதுவாக. “இவரும் ஆம்புலன்ஸ் ஓட்டினவர்தான். வண்டி கவுந்ததுல முதுகெலும்புல கம்பி வச்சிருக்கு. அவர் தட்டுறது மார்க் இல்லம்மா, வலி. ராத்திரியில நாற்காலியில சாஞ்ச மேனிக்குத்தான் கண்ணசருவாரு. மனுஷன் படுத்துத் தூங்கி வருஷக்கணக்காச்சுன்னு அவர் சம்சாரம் சொல்லிச் சொல்லி அழும்.”

நீட்டிய கையை அவள் இழுத்துக்கொண்டாள்.

உள்ளே ஒரு தடவை பார்த்தாள். ஸ்ட்ரெச்சருக்கு வெளியே தொங்கிய அவர் கை தளர்ந்து கிடந்தது. பெருமை அவளுக்குத் தாங்கவில்லை. அதை யாரிடமும் காட்டிக்கொள்ளவும் இல்லை.

கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். பிறகு வரிசையில் நின்றவர்களிடம் போய், தேர்வு இன்றைக்குக் கொஞ்சம் தாமதமாகும் என்று சொன்னாள்.