ஒன்பது கோப்பையும் பதினொரு கோப்பையும்

ஐப்பசி மழை சற்றே ஓய்ந்திருந்த ஒரு மாலை, மணி நாலரை. டென்னிஸ் திடலின் கூரைக்கடியில் பகலெல்லாம் இரண்டு முட்டைகளை அடைகாத்த ஆண்புறாவிடமிருந்து முறைமாற, மனைவி பறந்து வந்தது.

ஆண்புறா நகராமல் பேச்சை எடுத்தது. அத்திடலில் பத்தாண்டுகள் மோதி ஓய்வு பெற்ற இரு வீராங்கனைகளைப் பற்றிய பழைய வழக்குதான்.

"உன் வாகினிக்குக் கோப்பை ஒன்பது, என் எஸ்தருக்குப் பதினொன்று. இனியாவது ஒப்புக்கொள், அம்மணி."

"கட்டுப்போட்ட முழங்காலோடு உங்கள் எஸ்தரை மூன்று மணி நேரம் ஓடவிட்டவள் வாகினி. அதை எந்தக் கோப்பையில் அளப்பீர்கள்?"

"எஸ்தரே பெரியவள் என்று நீ சொல்லாதவரை நான் இந்தக் கூட்டில் அமர மாட்டேன்." ஆண்புறா விளக்குக் கம்பத்துக்குப் பறந்தது.

"வாகினி என்று நீங்கள் சொல்லாதவரை நானும் அமர மாட்டேன்." பெண்புறா கூரை விளிம்புக்கு நகர்ந்தது.

ஈரக்காற்று வீசியது. கால்மணி நேரத்துக்குமேல் பெண்புறாவுக்கு மனம் பொறுக்கவில்லை. திரும்பி வந்து அலகால் ஒரு முட்டையைத் தொட்டது, சில்லிட்டிருந்தது. பதறிப்போய் இரண்டையும் மார்புக்கடியில் அணைத்துக்கொண்டது. அதைக் கண்ட ஆண்புறாவும் விரைந்து வந்து, காற்று வரும் பக்கமாக ஒட்டி அமர்ந்தது.

"அந்த முழங்கால் ஆட்டத்தை நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் பார்த்தேன்" என்றது ஆண்புறா.

"எஸ்தரின் இடக்கை வீச்சை நான் என்றைக்குப் பழித்தேன்?"

"இருந்தாலும் பதினொன்று."

"பேசாமல் காற்றை மறையுங்கள்."

முட்டைகள் நான்காம் நாள் பழுதின்றிப் பொரிந்தன. அதற்கு முன்பே, வீணான கால்மணி நேரத்துக்கு ஈடாக ஆண்புறா மறுநாள் மாலை ஆறு மணிவரை எழாமல் அடைகாத்தது; பெண்புறா அதற்கடுத்த காலையில், முறை முடிந்தும் கணவனை எழுப்பாமல் அரைமணி கூடுதலாக அமர்ந்திருந்தது.